எஸ்பிஎம்முக்குப் பிறகு எந்தக் கல்லூரி? தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் அரசாங்கத் தேர்வான எஸ்பிஎம்மின் முடிவு வந்த மூன்றாம் நாள், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு மைவி கார் வந்து நின்றது. இறங்கியவர் கோவில் திருவிழாவில் அப்பாவோடு பேசிப் பழகியவர். கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரிக்கு ஆள் சேர்த்துவிடுகிறவர். "நம்ம பிள்ளைதானேண்ணே, நான் பார்த்துக்கிறேன்" என்றார். அம்மா அந்த மாதம் எடுத்திருந்த கூட்டு (சீட்டு) பணத்திலிருந்து 300 வெள்ளி (ரிங்கிட்) முன்பணம் கைமாறியது. தம்பி என்ன படிக்கப் போகிறான் என்பதே அதற்கு அப்புறம்தான் முடிவானது. ஒன்றரை ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது, அந்த டிப்ளோமாவுக்கு முழு அங்கீகாரம் கிடைக்கவில்லை என்று. அதை வைத்து வேறு இடத்தில் பட்டப்படிப்புக்கு மாற முடியவில்லை. பிறகு பாலிடெக்னிக்கில் முதல் செமஸ்டரிலிருந்து ஆரம்பித்தான்.

இன்று யோசித்தால், காரில் வந்தவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. நாங்கள்தான் ஒன்றும் கேட்கவில்லை. அன்று கேட்டிருக்க வேண்டியதை எல்லாம் இங்கே வரிசையாக எழுதுகிறேன். எல்பில், டோவன்பி தோட்டத்துப் பக்கத்துப் பிள்ளைகள் முதல் பட்டணத்துத் தாமான் குடியிருப்புகளில் இருப்பவர்கள் வரை பலருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்ததில் கற்றுக்கொண்டதும் இதில் உண்டு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது கடைசி வேலை. அதற்கு முன் பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் வீடுகளில் இது பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது.

முதல் படி: முடிவுத் தாளை நிதானமாகப் படியுங்கள்

எத்தனை ஏ என்று மட்டும் எண்ணாதீர்கள். எத்தனை கிரெடிட் என்று எண்ணுங்கள். சி-யும் அதற்கு மேலும் கிரெடிட். டி, இ இரண்டும் தேர்ச்சி மட்டுமே. டிப்ளோமாவுக்குப் பொதுவாக 3 கிரெடிட் வேண்டும். அடித்தளக் கல்வி வழியாகப் பட்டப்படிப்புக்குப் போக 5 கிரெடிட் வேண்டும். இவை வாசலைத் தாண்டும் அளவு மட்டுமே. மருத்துவம், பொறியியல், தாதியர் படிப்பு போன்றவற்றுக்கு எந்தப் பாடத்தில் என்ன கிரெடிட் என்று தனியாக நிபந்தனை உண்டு.

தேசிய மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி இல்லாவிட்டால் எஸ்பிஎம் சான்றிதழே கிடையாது. இந்த இரண்டில் ஒன்று போய்விட்டது என்று முடங்கிப்போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பாடத்தை மட்டும் மறுபடி எழுத மறுதேர்வு இருக்கிறது. முடிவு வந்த கையோடு பள்ளியில் கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள்.

இன்னும் ஐந்தாம் படிவத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பொதுப் பல்கலைக்கழகத்துக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது 100-க்கு 90 பங்கு பாட மதிப்பெண்ணுக்கு. மீதி 10 புறப்பாட நடவடிக்கைக்கு. அந்தப் பத்தைப் பள்ளிதான் கணினியில் ஏற்றுகிறது. மாவட்ட அளவில் ஓடிய ஓட்டம், சாரணர் முகாம், கழகச் செயலாளர் பதவி எல்லாம் ஏறியிருக்கிறதா என்று பள்ளியை விட்டு வருவதற்கு முன் ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். சான்றிதழ் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கும், கணினியில் இருக்காது. அரைப் புள்ளியில் இடம் நழுவும்போதுதான் அந்த வலி தெரியும்.

இரண்டாம் படி: பாதையை முடிவு செய்யுங்கள்

ஆறாம் படிவத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் அதைத்தான் முதலில் ஒதுக்குகிறார்கள். "இன்னும் பள்ளிக்கூட யூனிபார்மா?" என்று பிள்ளை முகம் சுளிக்கும். "எஸ்டிபிஎம் ரொம்ப கஷ்டமாமே" என்று பக்கத்து வீட்டு அக்கா பயமுறுத்துவார். எஸ்டிபிஎம் என்பது ஆறாம் படிவத்தின் அரசாங்கத் தேர்வு. மொத்தம் மூன்று செமஸ்டர், ஒன்றரை ஆண்டு. ஒரு செமஸ்டரில் சறுக்கினால் அதை மறுபடி எழுதலாம். அரசாங்கப் பள்ளி என்பதால் செலவு ஏறக்குறைய இல்லை, வீட்டிலிருந்தே போய்வரலாம். கையில் வரும் சான்றிதழை நாட்டில் எந்தப் பல்கலைக்கழகமும் ஏற்றுக்கொள்ளும். வெளிநாட்டிலும் மதிப்பு உண்டு. கலைப் பிரிவில் தமிழையே ஒரு பாடமாக எடுக்கலாம். என்ன படிப்பது என்று இன்னும் தெளிவில்லாத, ஆனால் உட்கார்ந்து படிக்கக்கூடிய பிள்ளைக்கு இதைவிட மலிவான, பாதுகாப்பான வழி எனக்குத் தெரியவில்லை.

மெட்ரிகுலேஷன், அதாவது அரசாங்கக் கல்லூரிகளில் நடக்கும் பல்கலைக்கழக முன்படிப்பு, பெரும்பாலும் ஓராண்டுதான். ஆனால் இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கு (மலாய்க்காரர், பூர்வகுடியினர்), மற்றவர்களுக்கு 10. 10 ஏ-வும் அதற்கு மேலும் எடுத்த எல்லா இன மாணவர்களுக்கும் இடம் உண்டு என்று 2024-இல் அரசாங்கம் அறிவித்தது. உங்களுக்கு ஏழு, எட்டு ஏ இருந்தால் விண்ணப்பியுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு இருக்காதீர்கள். மெட்ரிகுலேஷன் கடிதத்துக்காகக் காத்திருந்து ஆறாம் படிவத்தில் இரண்டு மாதப் பாடத்தைத் தவறவிட்ட பிள்ளைகள் நிறைய.

அடித்தளக் கல்வி, அதாவது அசாசி, ஓராண்டு. ஒரு பல்கலைக்கழகத்தின் அசாசி பெரும்பாலும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே இட்டுச் செல்லும். இதனால் துறை உறுதியாகத் தெரிந்தவர்களுக்குத்தான் நல்லது.

டிப்ளோமா இரண்டு முதல் மூன்று ஆண்டு. முடித்து வேலைக்குப் போகலாம், பட்டப்படிப்புக்கும் போகலாம். பாலிடெக்னிக்கில் ஒரு செமஸ்டர் கட்டணம் 200 வெள்ளி. ஆமாம், இருநூறுதான், இரண்டாயிரம் இல்லை. இதை ஒவ்வொரு முறையும் நான் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. நாட்டின் முதல் பாலிடெக்னிக்கான உங்கு ஓமார் 1969-இல் ஈப்போவில் தொடங்கியது. நம் ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டர் சுற்றளவில் இருக்கும் அதைப் பற்றி ஒன்றும் தெரியாமல், சுபாங் ஜெயாவில் உள்ள கல்லூரிகளின் பெயரையெல்லாம் மனப்பாடமாகச் சொல்கிற பெற்றோர் உண்டு.

கைத்திறன் உள்ள பிள்ளையை "படிப்பு ஏறல" என்று எழுதிவிடாதீர்கள். மனிதவள அமைச்சின் அட்டெக் பயிற்சிக் கழகங்கள், உயர்கல்வி அமைச்சின் சமூகக் கல்லூரிகள் இரண்டும் இருக்கின்றன. மலேசியத் திறன் சான்றிதழ் 1, 2, 3 என்று ஏறும். 4-ஆம் நிலை திறன் டிப்ளோமா, 5-ஆம் நிலை உயர் டிப்ளோமா. அதற்கும் மேல் மலாக்கா, பெர்லிஸ், பத்து பஹாட், பஹாங் ஆகிய இடங்களில் உள்ள நான்கு தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களில் பட்டம் வரை போகலாம். வெல்டிங், குளிர்சாதனப் பராமரிப்பு, மின்கம்பி வேலை ஆகியவற்றில் சான்றிதழ் வைத்திருப்பவனுக்கும் சும்மா வேலை தெரிந்தவனுக்கும் சம்பளத்தில் உள்ள வித்தியாசத்தை ஈப்போ பட்டறைகளில் விசாரித்துப் பாருங்கள்.

தமிழாசிரியராக ஆசை இருந்தால் ஆசிரியர் கல்விக் கழகம். குறைந்தது 5 ஏ கேட்பார்கள், நேர்முகத் தேர்வும் உண்டு. ஐந்து ஏ கிடைக்காதவர்கள் எஸ்டிபிஎம் எழுதி, தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் வழியாகவும் ஆசிரியராகலாம்.

மூன்றாம் படி: விண்ணப்பங்களைத் தனித்தனியாகப் போடுங்கள்

பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். அரசாங்கக் கல்விக்கூடங்களுக்கான பொது விண்ணப்பப் பக்கமான யூபியூவில் விண்ணப்பித்துவிட்டால் எல்லாவற்றுக்கும் விண்ணப்பித்த மாதிரி என்று நினைக்கிறார்கள். அசாசி, பொதுப் பல்கலைக்கழக டிப்ளோமா, பாலிடெக்னிக், சமூகக் கல்லூரி ஆகியவை யூபியூவில் வரும். மெட்ரிகுலேஷன் தனி, ஆசிரியர் கல்விக் கழகம் தனி, ஆறாம் படிவத்துக்குத் தகுதி இருக்கிறதா என்று இணையத்தில் பார்ப்பதும் தனி. ஒவ்வொன்றுக்கும் வேறு இணையப்பக்கம், வேறு கடைசி நாள். சிலவற்றின் கதவு எஸ்பிஎம் முடிவு வருவதற்கு முன்பே திறந்துவிடும். சோதனை முடிந்து, பேரங்காடியில் பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டிருக்கும் மாதங்களில் இது நடப்பதால் கவனத்துக்கு வருவதே இல்லை.

வீட்டுக் காலண்டரில், அதுதான் ஒட்டுக்கடையில் தீபாவளிக்குக் கொடுத்தார்களே, அதிலேயே சிவப்புப் பேனாவால் கடைசி நாட்களை எழுதி மாட்டுங்கள். கைப்பேசியில் போட்டுவைத்தால் பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும். சுவரில் இருந்தால் வீடே ஞாபகப்படுத்தும்.

யூபியூவில் 12 படிப்புகள் வரை தேர்ந்தெடுத்துப் போடலாம். அந்தப் பன்னிரண்டையும் கனவாலேயே நிரப்பாதீர்கள். முந்தைய ஆண்டுகளின் சராசரி மெரிட், அதாவது மேலே சொன்ன 100-க்கான புள்ளி, அந்தப் பக்கத்திலேயே காட்டப்படும். உங்கள் புள்ளிக்கு மேலே இருப்பவை மூன்று, ஒட்டி இருப்பவை ஐந்து, நிச்சயம் கிடைக்கக்கூடியவை நான்கு என்று பிரித்துப் போடுவது என் வழக்கம். நிச்சயமான அந்த நான்கும் "கிடைத்தால் போவேன்" என்று சொல்லக்கூடியவையாக இருக்க வேண்டும். இடத்தை நிரப்பப் போட்ட படிப்பே கடைசியில் கிடைத்து, மூன்று ஆண்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு படித்த பெண் ஒருத்தியை எனக்குத் தெரியும்.

மின்னஞ்சல் முகவரியும் கைப்பேசி எண்ணும் உங்களுடையதாகவே இருக்கட்டும். சைபர் கஃபே அண்ணனின் மின்னஞ்சலைப் போட்டுவிட்டு, நேர்முகத் தேர்வு அழைப்பு வந்ததே தெரியாமல் இருந்தவர்கள் உண்டு.

நான்காம் படி: தனியார் கல்லூரி என்றால் அடைப்புக்குறிக்குள் பாருங்கள்

தனியார் கல்லூரி கூடாது என்று நான் சொல்லவில்லை. சில படிப்புகள் அங்கேதான் நன்றாக இருக்கின்றன. ஆனால் விளம்பரத் தாளில் சிரிக்கும் பிள்ளைகளின் படத்தை விட்டுவிட்டு, கீழே எறும்பு வரிசை போல ஓடும் எழுத்துக்கு வாருங்கள். கைப்பேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கித்தான் படிக்க முடியும். அவ்வளவு சிறியதாகத்தான் அச்சடிப்பார்கள்.

படிப்பின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், சாய்வுக் கோடுகளால் பிரிக்கப்பட்ட ஒரு குறியீடு இருக்கும். முதல் எழுத்து என் (N) என்றால் புதிய படிப்பு, ஆர் (R) என்றால் அனுமதி புதுப்பிக்கப்பட்ட படிப்பு. அடுத்து வருவது துறை எண். அதை அடுத்து ஒற்றையாக நிற்கும் எண்தான் படிப்பின் நிலை: 3 சான்றிதழ், 4 டிப்ளோமா, 6 இளங்கலைப் பட்டம். வந்தவர் "டிப்ளோமா மாதிரிதான்" என்று சொல்லி, அங்கே 3 என்று இருந்தால் அது டிப்ளோமா இல்லை. தொடர்ந்து ஒரு மாதமும் ஆண்டும் இருக்கும்; அந்த அனுமதி அதுவரைதான். கடைசியாக எம்கியூஏ (MQA), அதாவது படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் மலேசியத் தகுதி முகமையின் பெயரில் தொடங்கும் பகுதி. அதில் எஃப்ஏ (FA) என்று இருந்தால் முழு அங்கீகாரம், பிஏ (PA) என்று இருந்தால் தற்காலிக அங்கீகாரம்.

பிஏ என்றதும் ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். எல்லாப் புதிய படிப்பும் அப்படித்தான் ஆரம்பிக்கும். முதல் அணி மாணவர்கள் படிப்பை முடிக்கும் கட்டத்தில்தான் முழு அங்கீகாரத்துக்குப் பரிசீலிப்பார்கள். ஆனால் ஏழாண்டாக நடக்கும் படிப்பு இன்னும் பிஏ-யில் நின்றால், ஏன் என்று கேட்க வேண்டும். என் தம்பி விஷயத்தில் அதைக் கேட்க எங்களுக்குத் தெரியவில்லை.

தாளில் உள்ளதை அப்படியே நம்பாதீர்கள். எம்கியூஏ இணையப்பக்கத்தில் தகுதிப் பதிவேடு இருக்கிறது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடலாம். கல்லூரியின் பெயரைப் போட்டு, படிப்பின் பெயரும் குறியீடும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எந்த வளாகம் என்பதையும் பாருங்கள். ஓர் ஊரில் உள்ள வளாகத்துக்கு வாங்கிய அங்கீகாரம் இன்னோர் ஊர்க் கிளைக்குத் தானாகச் செல்லாது. காரில் வந்தவர் எதிரிலேயே தேடலாம். நேர்மையானவர் கோபப்பட மாட்டார். சிலர் தாமாகவே தேடிக் காட்டுவதும் உண்டு. "இன்னைக்கே கட்டினா 50 விழுக்காடு கழிவு" என்று அவசரப்படுத்துபவரிடம் மட்டும் "பெரியவனைக் கேட்டுட்டுச் சொல்றோம்" என்று சொல்லி அனுப்பிவையுங்கள்.

சில தொழில்களுக்கு எம்கியூஏ மட்டும் போதாது. மருத்துவத்துக்கு மலேசிய மருத்துவ மன்றம், தாதியருக்குத் தாதியர் வாரியம், பொறியியல் பட்டத்துக்குப் பொறியியலாளர் வாரியம், வழக்கறிஞர் தொழிலுக்கு அதற்கான தகுதி வாரியம் என்று அந்தந்த அமைப்பும் அந்தப் படிப்பை ஏற்றிருக்க வேண்டும். வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்பும் முன் மன்றத்தின் பட்டியலைப் பார்க்காமல் வீட்டை அடமானம் வைக்காதீர்கள்.

தாதியர் படிப்பைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும், நம் பெண்பிள்ளைகள் அதிகம் கேட்பது அதைத்தான். செய்முறைப் பயிற்சி எந்த மருத்துவமனையில், அங்கே போய்வர வண்டி யார் செலவு என்று கேளுங்கள். சில தனியார் மருத்துவமனைகள் படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டு, முடித்தபின் சில ஆண்டு தங்களிடமே வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம் போடுகின்றன. இது கெட்ட ஏற்பாடு இல்லை. ஆனால் பாதியில் நின்றால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், உத்தரவாதக் கையெழுத்து யார் போடுவது என்பதைக் கையெழுத்துக்கு முன் வாசியுங்கள். பெரும்பாலும் போடுபவர் மாமாதான். அவரும் வாசிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: குசினி மேசையில் கணக்குப் போடுங்கள்

ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை எழுதட்டும், அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் உட்காரட்டும். படிப்புக் கட்டணம், பதிவுக் கட்டணம், சோதனைக் கட்டணம், விடுதி, சாப்பாடு, மடிக்கணினி, சீருடை, ஊருக்கு வந்துபோக ரயில் காசு என்று ஒன்றையும் விடாமல் எழுதுங்கள். சாப்பாடு ஒரு நாளைக்கு 15 வெள்ளி என்று வைத்தாலே மாதம் 450. பாலிடெக்னிக்கில் ஆறு செமஸ்டருக்கும் சேர்த்துப் படிப்புக் கட்டணம் 1,200 வெள்ளி என்றால், அங்கே உண்மையான செலவு படிப்பே இல்லை, வயிறுதான் என்று அப்போது புரியும்.

2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானது. செம்பனைத் தோட்டத்தில் ஒருவர் சம்பளத்தில் ஓடும் வீட்டிலிருந்து மாதம் எவ்வளவு அனுப்ப முடியும் என்று நேராகப் பேசிவிடுங்கள். பிள்ளை மனசு நோகுமே என்று மறைக்கிறோம். அப்புறம் இரண்டாம் செமஸ்டரில் நோகிறது.

அரசாங்கத்தின் உயர்கல்வி நிதிக் கழகமான பிடிபிடிஎன் தருவது உதவித்தொகை இல்லை, கடன். "பிடிபிடிஎன் இருக்கு, நீங்க ஒரு காசு கட்ட வேணாம்" என்று சொல்கிறவர்கள் பாதிதான் சொல்கிறார்கள். 18,000 வெள்ளி கடன் வாங்கிப் பத்து ஆண்டில் அடைத்தால், சேவைக் கட்டணம் சேர்க்காமலே மாதம் 150 வெள்ளி. படித்த வேலை கிடைத்தால் இது பெரிய சுமை இல்லை. அங்கீகாரமில்லாத படிப்புக்கு வாங்கியிருந்தால் இதுவே மலை. இன்னொன்று, கடன் பணம் பெரும்பாலும் கல்லூரியில் பதிந்த பிறகுதான் வரும். முதல் ஒன்றிரண்டு மாதச் செலவுக்குக் கையில் ரொக்கம் வேண்டும்.

கடனுக்கு முன் உபகாரச் சம்பளத்தைத் தேடுங்கள். பொதுச் சேவைத் துறை, மாநில அறவாரியங்கள், இந்தியர்களுக்கான அரசாங்கப் பிரிவான மித்ரா வழி வரும் உதவிகள் எல்லாம் ஆண்டுக்கு ஆண்டு நிபந்தனை மாறும். மஇகா கட்சியின் கல்வி அமைப்பான எம்ஐஇடி கல்விக் கடன் தருகிறது. கெடா செமிலிங்கில் உள்ள எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகமும் அதன் முயற்சிதான். நம் ஊர்க்காரரான துன் சம்பந்தன் 1960-இல் தோட்டத் தொழிலாளர்களின் சின்னச் சின்னச் சந்தாவைச் சேர்த்துத் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை மறந்துவிட வேண்டாம். தாத்தா, பாட்டி பேரில் பங்குப் புத்தகம் இருக்கிறதா என்று தகரப் பெட்டியைக் கிளறிப் பாருங்கள். உறுப்பினர் குடும்பத்துக்கு என்ன கல்வி உதவி உண்டு என்று சங்கத்தில் கேட்கலாம்.

ஆறாம் படி: நேரில் போய்ப் பாருங்கள்

திறந்த நாளில் போகாதீர்கள். அன்று பலூன் கட்டியிருப்பார்கள். சாதாரணச் செவ்வாய், புதன்கிழமையில் போங்கள். ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ சுங்கை சிப்புட்டிலிருந்து ரயிலிலேயே போய்விடலாம். அந்தப் பயணமே ஒரு சோதனைதான். ஒவ்வொரு விடுமுறைக்கும் பிள்ளை இப்படித்தான் வரப்போகிறது.

அலுவலகத்துக்குப் போகும் முன் சிற்றுண்டிச்சாலையில் உட்காருங்கள். அங்கே நம் பிள்ளைகள் யாராவது இருப்பார்கள். "தம்பி, எந்த ஊரு?" என்று ஆரம்பித்தால் போதும், விளம்பரத் தாளில் இல்லாதது எல்லாம் வந்துவிடும். விரிவுரையாளர் அடிக்கடி மாறுகிறார்களா, உங்கள் அணியில் எத்தனை பேர் சேர்ந்தீர்கள், இப்போது எத்தனை பேர் மிச்சம் என்று கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் எனக்கு மிக முக்கியம். பட்டறைப் படிப்பு என்றால் பட்டறையை எட்டிப் பார்த்து, ஓர் இயந்திரத்துக்கு எத்தனை பிள்ளைகள் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். இயந்திரத்தின் மேல் தூசி இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

"பொம்பளப் பிள்ளையை அவ்வளவு தூரமா?" என்ற பேச்சு பல வீட்டில் வரும். அதற்காக நல்ல இடத்தை விட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகவே பொருந்தாத படிப்பில் போடுவதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் விடுதியைக் காட்டுங்கள். எத்தனை மணிக்குக் கதவு அடைப்பார்கள், பொறுப்பாளர் யார், பக்கத்துக் கடைத்தெரு எப்படி என்று அவரே விசாரிக்கட்டும். பாதிப் பயம் அங்கேயே இறங்கிவிடும்.

ஏழாம் படி: கடிதம் வந்த பிறகு

இடம் கிடைத்தால் குறிப்பிட்ட நாளுக்குள் இணையத்தில் ஏற்றுக்கொள்கிறேன் என்று அழுத்த வேண்டும். மறந்தால் இடம் போய்விடும். கிடைக்காவிட்டால் யூபியூ மேல்முறையீடு உண்டு. அது சில நாட்கள்தான் திறந்திருக்கும், அழுதுகொண்டிருக்க நேரமில்லை. இடையில் ஆறாம் படிவம் தொடங்கிவிட்டால் போய் உட்காருங்கள். பிறகு வேறு இடம் கிடைத்தால் விலகிக்கொள்ளலாம்.

ஆவணங்களை இப்போதே ஒரு கோப்பில் சேர்த்துவையுங்கள்: அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், எஸ்பிஎம் முடிவு, பள்ளி விடுகைச் சான்றிதழ், பெற்றோரின் சம்பளச் சீட்டு. ஒவ்வொன்றிலும் ஐந்து நகல் எடுத்து, தலைமையாசிரியரிடம் உறுதிப்படுத்தி வாங்குங்கள். பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் கையெழுத்துக்கு ஆளைத் தேடி அலைய வேண்டும். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் வேறு மாதிரியும் இருப்பது தோட்டத்தில் சாதாரணம். அதைத் தேசியப் பதிவுத் துறையில் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகலாம்; நான்காம் படிவத்திலேயே தொடங்குங்கள். குடியுரிமை இல்லாமல் நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசரம்.

பதிவு நாளன்று எந்த ரொக்கத்தையும் தனிநபர் கையில் கொடுக்காதீர்கள். கல்லூரியின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் கட்டி, ரசீதைப் படம் எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். என் தம்பியின் 300 வெள்ளிக்கு இன்றுவரை ரசீது இல்லை.